நான்காவது இடம்

பியோரியா, இல்லினாய்
13 ஜனவரி 1980

அன்புள்ள அக்கா,

நீயும் டுவைட் அத்தானும் சௌக்கியமா? அவர் முதுகு வலி குறைந்ததா? பன்றிகள் குட்டி போடும் நேரம். இந்தப் பனியில் கொட்டகைக்கும் வீட்டுக்கும் எத்தனை நடை நடக்கிறாயோ. நான் நன்றாக இருக்கிறேன்.

போனில் கூப்பிடாமல் ஏன் எழுதுகிறாய் என்று கேட்காதே. பக்கத்துப் பண்ணை மிசஸ் ஹுக்ஸ்ட்ரா இன்னும் நம் வீட்டோடு ஒரே போன் லைனில்தானே இருக்கிறாள்? நான் ஹலோ சொல்வதற்கு முன்பே அவள் மூச்சு விடுவது கேட்கிறது. என் தோல்விகளை ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அவள் வாயால் நீ கேட்க வேண்டாம்.

எங்கள் லார்க்ஸ் கூடைப்பந்து அணி இப்போது ஐந்தாவது இடத்தில் இருக்கிறது. முதல் நான்கு அணிகள்தான் பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகும். நான்காவது இடத்துக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டே வெற்றிதான். கோச் மெர்வ் தினமும் அதைச் சொல்லித்தான் எங்களை ஓட வைக்கிறார்.

என் அறைத்தோழி யோலண்டாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, மிசிசிப்பிக்காரி, ஆறடி மூன்று அங்குலம். அவளிடம் நம் ஊர்ப் பெண்கள் ஆட்டத்தை விளக்கிச் சொன்னேன். பக்கத்துக்கு ஆறு பேர். மூன்று பேர் கூடை போட மட்டும், மூன்று பேர் தடுக்க மட்டும். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. நான் தடுப்பவள், அதனால் பள்ளி முடியும்வரை ஓர் ஆட்டத்தில்கூடக் கூடை போட்டதில்லை என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏன்டி சோளக்காட்டுக்காரி, கோட்டத் தாண்டினா உங்க ஊர்ல போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடுமா?” எங்கள் அக்கா கூடை போடுபவள், மாநிலப் போட்டியில் அவள் பேரைச் சொல்லிக் கூட்டம் கத்தியது என்றேன். “அப்போ அவளயில்ல எடுத்திருக்கணும்!” என்றாள்.

நேற்றைய ஆட்டத்தில் ஜெயித்தோம். வெளியே ஓடிய பந்துக்குப் பாய்ந்ததில் மேஜை விளிம்பில் தலை இடித்தது. மெர்வ் விரலைக் காட்டி “எத்தனை?” என்றார். “மூணு” என்றேன். “போதும், போய் ஆடு” என்றார். ஆடினேன். பதினொரு புள்ளி.

உன் அன்புத் தங்கை,
ட்ரூடி

---

ஹார்லோ, அயோவா
21 ஜனவரி 1980

அன்பு ட்ரூடிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சுகம். அத்தான் முதுகில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போகிறார். சொன்னால் கேட்டால்தானே.

காற்று சரியாக இருந்தால் உங்கள் ஆட்டம் ரேடியோவில் வருகிறது. பாதி நேரம் இரைச்சல்தான். “உன் தங்கச்சி கூடை போட்டாளா, இல்ல பன்னி விலை சொல்றானா? ஒண்ணும் புரியலயேடி” என்கிறார் அத்தான். உன் பெயர் காதில் விழுந்தால் மட்டும் எழுந்து நின்றுவிடுகிறார், முதுகை மறந்து.

தலை இடித்தது என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வீக்கம் இருக்கிறதா? வாந்தி வந்ததா? டாக்டர் பார்த்தாரா? ஒழுங்காகப் பதில் எழுது. யோலண்டாவுக்கு என் அன்பைச் சொல். என்னை எடுத்திருந்தால் முதல் பத்து நிமிஷத்திலேயே மூச்சு வாங்கி விழுந்திருப்பேன் என்றும் சொல்.

உன் நலமே நாடும்,
ஆர்லிஸ்

---

பியோரியா
4 பிப்ரவரி 1980

அன்புள்ள அக்கா,

நலம்தானே? இங்கே நல்ல செய்தி. தொடர்ந்து மூன்று வெற்றி! நாங்கள் இப்போது நான்காவது இடம். கடைசி ஆட்டத்தில் நேரம் முடியும் தறுவாயில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். பந்து என் கையில். யோலண்டாவுக்குத் தருவதுபோல் காட்டிவிட்டு நானே போட்டேன். வளையத்தில் இரண்டு முறை தட்டி உள்ளே விழுந்தது. யோலண்டா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, “சோள மூட்டை வேணுமா, சோள மூட்டை!” என்று கூவிக்கொண்டே அரங்கத்தைச் சுற்றினாள்.

பஸ்ஸில் அவளுடைய கறுப்புக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். விளக்கு கண்ணைக் குத்துகிறது. பெண்கள் என்னை சினிமா நட்சத்திரம் என்று கேலி செய்கிறார்கள்.

தலையைப் பற்றிக் கவலைப்படாதே. எப்போதாவது வலிக்கிறது, அவ்வளவுதான். எனக்குப் பதிலாக இறங்கக் காத்து உட்கார்ந்திருக்கும் பெண் கல்லூரியிலிருந்து புதிதாக வந்தவள், ஆடும் பசியோடு இருக்கிறாள். நான் ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், என் இடம் அவளுடையது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

ட்ரூடி

---

பியோரியா
9 பிப்ரவரி 1980

அன்புள்ள அக்கா,

நலம்தானே? ரொம்ப நாளாக உனக்கு எழுதவே இல்லை, கோபித்துக்கொள்ளாதே. ஒரு நல்ல செய்தி. தொடர்ந்து மூன்று வெற்றி, நான்காவது இடம்! கடைசி ஆட்டத்தில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். யோலண்டாவுக்குத் தருவதுபோல் காட்டிவிட்டு நானே போட்டேன். வளையத்தில் இரண்டு முறை தட்டி உள்ளே விழுந்தது. அவள் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு சோள மூட்டை என்று கூவினாள், உனக்குச் சிரிப்பு வரும்.

டுவைட் அத்தானின் அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? இந்தக் குளிரில் அவரை வெளியே விடாதே. நான் கேட்டதாகச் சொல்.

ட்ரூடி

---

ஹார்லோ
16 பிப்ரவரி 1980

அன்பு ட்ரூடிக்கு,

நாங்கள் சுகம். பன்றிக் குட்டிகளில் இரண்டு தவிர மற்றதெல்லாம் பிழைத்துக்கொண்டன.

உன்னுடைய இரண்டு கடிதங்களும் என் முன்னால் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே ஆட்டம், ஒரே கூடை, ஒரே சோள மூட்டை. இரண்டாவதை எழுதும்போது முதலாவதை எழுதியது உனக்கு நினைவில்லை என்று தெரிகிறது.

அதைக்கூட விட்டுவிடுவேன், ட்ரூடி. அத்தானின் அம்மா அக்டோபரில் இறந்துபோனார். நீ வந்திருந்தாய். கல்லறையில் என் பக்கத்தில் நின்றாய். பிறகு வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்தாய். உன் கடிதத்தை அத்தானிடம் நான் காட்டவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. மெர்வ் கோச், டாக்டர் இல்லை. விரல் காட்டி எண்ணச் சொல்வது வைத்தியம் ஆகாது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போய் உண்மையான டாக்டர் ஒருவரைப் பார். நான்காவது இடம் எங்கும் ஓடிவிடாது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
ஆர்லிஸ்

---

பியோரியா
25 பிப்ரவரி 1980

அக்கா,

நான் சௌக்கியம். பஸ்ஸிலும் ஓட்டலிலும் உட்கார்ந்து எழுதுகிறேன். எதைத் தபாலில் போட்டேன், எதைப் போடவில்லை என்று குழம்பிவிட்டது. அத்தானின் அம்மா விஷயம், பழக்க தோஷத்தில் கை எழுதிவிட்டது. உனக்கு ஒருபோதும் அப்படி ஆனதில்லையா? என் கடிதங்களைப் பரீட்சைத் தாள் மாதிரி திருத்தாதே.

இரண்டு ஆட்டம் தோற்றோம். மறுபடி ஐந்தாவது இடம். நான்காவது இடம் எங்கும் ஓடிவிடாது என்று எழுதியிருந்தாய். ஓடிவிட்டது, பார்த்தாயா?

பன்றிக் குட்டிகள் நலமென்று அறிந்து மகிழ்ச்சி.

ட்ரூடி

---

பியோரியா
4 மார்ச் 1980

மதிப்புக்குரிய ஆர்லிஸ் அக்காவுக்கு,

வணக்கம். உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் எல்லாம் நலமாக இருக்கட்டும். நான் யோலண்டா. ட்ரூடியின் முகவரிப் புத்தகத்தைப் பார்த்து, அவளுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

ட்ரூடி நலமாக இல்லை. காலையில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுக்கிறாள், சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது என்று. இரண்டு வாரத்துக்கு முன்பு எதிரணிப் பெண்ணின் முழங்கை மறுபடி அதே பக்கம் பட்டது. எழுந்து பந்தை எடுத்து எதிரணிக்காரியிடமே கொடுத்தாள். கூட்டம் சிரித்தது. நான் பக்கத்தில் போய், “ட்ரூடி, நாம வெள்ளச் சட்டடி, வெள்ள!” என்றேன். “தெரியும் போடி” என்றாள். அவளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு எந்தப் பக்கம் போட வேண்டும் என்று அவள் காதில் சொல்கிறேன்.

நான் ஏன் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். எனக்கும் பிளே-ஆஃப் வேண்டும், அக்கா. அவள் இல்லாமல் எங்களால் ஜெயிக்க முடியாது. பாதி நினைவோடு ஆடினாலும் அவள் கை தப்பு செய்வதில்லை. எனக்கு முப்பது வயது ஆகிவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது, இதை விட்டால் எனக்கு இன்னொரு முறை வராது. இதையெல்லாம் நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன். நேற்று அவள் என்னை உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

மெர்விடம் சொன்னேன். “சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்” என்றார். ஞாயிறு, ஒன்பதாம் தேதி, இங்கே ஆட்டம். நான்காவது இடத்தில் இருக்கும் அணியோடு.

கடவுள் உங்களைக் காக்கட்டும்.

யோலண்டா பிரிட்ஜஸ்

---

பியோரியா
10 மார்ச் 1980

ஆர்லிஸ்,

நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

நேற்று நீ செய்ததை நினைத்து இரவெல்லாம் தூங்கவில்லை. ஆட்டத்துக்கு முன் நாங்கள் கூடை போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறோம். டிக்கெட் வாங்கி எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நீ பன்றிக் கொட்டகை பூட்ஸோடு கோர்ட்டின் நடுவில் வந்து நிற்கிறாய், தரையெல்லாம் சேறு! “இவ ஆடுறதா இருந்தா நான் இங்கேருந்து நகர மாட்டேன்.” மெர்வ் பல்லைக் கடித்துக்கொண்டு, “அம்மா, தயவுசெஞ்சு கேலரிக்குப் போங்க” என்கிறார். “நீங்க எனக்குத் தயவு காட்ட வேணாம், அவகிட்டக் காட்டுங்க” என்கிறாய். கூட்டத்தில் எவனோ விசிலடிக்கிறான். “பாட்டி, ஒரு கூடை போடு!” என்று கத்துகிறான். உனக்கு முப்பத்திரண்டு வயது, ஆர்லிஸ். அந்த பூட்ஸில் உன்னைப் பார்த்தால் பாட்டி மாதிரிதான் இருந்தது.

நடுவர் என்னைக் கூப்பிட்டு, “இது எந்த ஊரும்மா?” என்று கேட்டார். பியோரியா என்பதற்குப் பதில் டெ மாய்ன் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு விளக்கு, அவ்வளவு சத்தம், நீ முன்னால் நிற்கிறாய், யாருக்குத்தான் குழம்பாது? “டாக்டர் சீட்டு இல்லாம நான் இந்தப் பொண்ண ஆட விட மாட்டேன்” என்றுவிட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு புள்ளியில் தோற்றோம். ஒரே ஒரு புள்ளி. என் இடத்தில் ஆடிய பெண் கடைசி நிமிஷத்தில் இரண்டு கூடையைத் தவறவிட்டாள். அந்த இரண்டையும் நான் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன்.

நீ ஏன் வந்தாய் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டில் கூடை போடுபவள் நீ ஒருத்திதான். நான் கோட்டைத் தாண்டி வந்து போட்டதை உன்னால் பொறுக்க முடியவில்லை.

நாளை டாக்டரிடம் போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன். வியாழக்கிழமை ஆடுவேன். எனக்குக் கடிதம் எழுதாதே.

ட்ரூடி ஹார்ம்சன்

---

ஹார்லோ
24 மார்ச் 1980

அன்பு ட்ரூடிக்கு,

உன் உடம்பு தேறி வருகிறது என்று நர்ஸ் போனில் சொன்னாள். காய்ச்சல் இல்லையாம், கஞ்சி குடிக்கிறாயாம். மகிழ்ச்சி. எழுதாதே என்று சொன்னாய். ஒரே ஒரு முறை எழுதிவிடுகிறேன்.

நீ சீட்டு வாங்கப் போன இடத்திலேயே டாக்டர் உன்னைப் படுக்க வைத்துவிட்டார் என்று யோலண்டா போன் செய்தபோது நான் குட்டிகளுக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தேன். மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கட்டி மூளையை நெருக்குகிறது, துளை போட்டு எடுக்க வேண்டும் என்றாள். மிசஸ் ஹுக்ஸ்ட்ரா அதே லைனில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். “நீ கிளம்பு ஆர்லிஸ், பன்னிங்கள நான் பாத்துக்கறேன்” என்று குறுக்கே பேசினாள். அவளுக்கு அன்று நான் வாய்நிறைய நன்றி சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தேன். பிறகு அத்தானுக்கு முதுகு மறுபடி பிடித்துக்கொண்டதால் திரும்பிவிட்டேன். உன் கம்பளிக் காலுறைகளை நர்ஸிடம் கொடுத்திருக்கிறேன்.

நீ எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே வந்தவுடனே கோர்ட்டுக்கு வரவில்லை. கதவருகில் நின்றேன். நீ தூரத்திலிருந்து போட்டுப் பழகிக்கொண்டிருந்தாய். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது, வலையைத் தவிர வேறு எதையும் தொடாமல் விழுந்தன. நீ கூடை போட்டு நான் பார்த்ததே இல்லையே, ட்ரூடி. உன்னைத் தடுக்க வந்தவள் அதை மறந்து நின்றேன். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் ஒருநாளும் அப்படிப் போட்டதில்லை. அதன் பிறகு கோர்ட்டுக்குள் நடந்து வருவது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

பொறாமை இருந்ததா என்றால், கொஞ்சம் இருந்தது. அதற்காக வரவில்லை.

சாலையில் பனி கரைந்துவிட்டது. நன்றாகச் சாப்பிடு.

உன் அக்கா,
ஆர்லிஸ்

---

பியோரியா
31 மார்ச் 1980

அன்புள்ள ஆர்லிஸ் அக்காவுக்கு,

நீங்கள் நலம் என்று நம்புகிறேன். நேற்றைய ஆட்டத்தை ரேடியோவில் கேட்டிருப்பீர்கள், கேட்காவிட்டால் நானே சொல்கிறேன். ஜெயித்தோம். பதினாறு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். நான் வாழ்நாளில் அப்படி ஆடியதில்லை. ஆனால் நான்காவது இடத்து அணியும் அவர்கள் ஊரில் ஜெயித்துவிட்டது. ஒரு வெற்றி குறைவாக, நாங்கள் ஐந்தாவது இடம். சீசன் முடிந்தது.

எந்த ஒரு வெற்றி என்று உங்களுக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறையில் ஒருத்தி, “அந்த பூட்ஸ்காரி மட்டும் வராம இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தாள். நான் எழுந்தேன். “அவங்கள வரச் சொல்லி எழுதினது நான்தான்டி. ஏதாவது சொல்லணும்னா என்கிட்டச் சொல்லு” என்றேன். அவள் துண்டை என் முகத்தில் எறிந்துவிட்டுப் போனாள். அப்புறம் பஸ் நிறுத்தத்தில் வந்து என் பக்கத்தில் நின்று அழுதாள். மெர்வ் இதுவரை ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை.

ட்ரூடியிடம் போன வாரமே அதைச் சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுவதும் என்னிடம் பேசவில்லை. அடுத்த நாள், “என் கறுப்புக் கண்ணாடிய எங்கடி வெச்ச?” என்று கேட்டாள். “அது என்னோடதுடி” என்றேன். அது அவளுக்கு நினைவிருந்தது, அக்கா. சும்மா சீண்டிப் பார்த்திருக்கிறாள்.

நான் நாளை மறுநாள் ஊருக்குப் போகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இனி ஆட்டமில்லை என்று. ட்ரூடியைத் தனியாக விட்டுப் போகிறேனே என்றுதான் இருக்கிறது.

உங்கள்,
யோலண்டா

---

பியோரியா
7 ஏப்ரல் 1980

அன்புள்ள அக்கா,

நீ எப்படி இருக்கிறாய்? அத்தான் எப்படி இருக்கிறார்? அவருடைய அம்மாவைப் பற்றி நான் எழுதியது அவருக்குத் தெரிய வந்தால், மன்னிக்கச் சொல்.

என் முடியை ஒரு பக்கம் மழித்திருக்கிறார்கள். வலி இல்லை. இப்போது எல்லாம் நினைவிருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும் திட்டுத் திட்டாக இருக்கிறது. அந்த மூன்று வெற்றிகளும், வளையத்தில் தட்டி விழுந்த அந்தக் கூடையும் எனக்கு நினைவில்லை. உன்னிடம் இரண்டு முறை எழுதினேன் என்கிறாய். அந்தக் கடிதங்களைத் தூக்கிப் போடாதே. அது நடந்ததற்கு எனக்கு வேறு சாட்சி இல்லை.

டாக்டர் நேற்று வந்து படுக்கையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. “இன்னொரு இடி பட்டிருந்தா உன்ன இங்க கொண்டு வந்தே பிரயோஜனம் இருந்திருக்காது” என்றார். அப்புறம், இனி ஆடக் கூடாது என்றார். இந்த வருஷமா, அடுத்த வருஷமுமா என்று கேட்டேன். இனி எந்த வருஷமும் இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் போன பிறகு நர்ஸ் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டு வந்தாள். உருளைக்கிழங்கு முழுவதையும் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

நீ மூன்று நாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நீ எழுதவில்லை, நர்ஸ் சொன்னாள். அதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் உன் கோட்டின் ஓரம் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தேன். யாரையும் விட வேண்டாம் என்று சொன்னதும் நான்தான்.

சனிக்கிழமை என்னை வெளியே அனுப்புகிறார்கள். வந்து கூட்டிக்கொண்டு போ. மிசஸ் ஹுக்ஸ்ட்ரா பன்றிகளைப் பார்த்துக்கொள்வாள் அல்லவா?

ஆனால் இதைக் கேட்டுக்கொள். வழியில் நான் அழுவேன். மிசிசிப்பி ஆற்றைத் தாண்டும் வரையாவது அழுவேன் என்று நினைக்கிறேன். வண்டியை நிறுத்தாதே, ரேடியோவைப் போடாதே, சமாதானம் சொல்லாதே. எல்லாம் நல்லதுக்குத்தான் என்று நீ ஆரம்பித்தால் நான் கதவைத் திறந்து இறங்கிவிடுவேன். நீ செய்தது சரி, அக்கா. அது தப்பாக இருந்திருந்தால் உன்மேல் ஆயுசு முழுவதும் கோபமாக இருந்திருக்கலாம். இப்போது அதற்கும் வழியில்லாமல் கிடக்கிறேன்.

பின் சீட்டில் ஒரு தலையணை போட்டுக்கொண்டு வா. இல்லை, முன் சீட்டிலேயே போடு. உன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்.

ட்ரூடி